படகு ட்ரெய்லர் விஞ்சுக்குப் பட்டையா, கம்பிவடமா? புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் மலேசியாவில் எங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது பலரும் செய்யும் முதல் காரியம், பழைய பைபர் படகு ஒன்று தேடுவது. படகு பார்க்கப் போனால் இன்ஜினைப் பத்துத் தடவை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார்கள். அடித்தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். ட்ரெய்லர் டயரைக்கூட உதைத்துப் பார்ப்பார்கள். ட்ரெய்லரின் முன்னால் கம்பத்தில் உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றினால் படகை இழுத்து ஏற்றும் விஞ்சையும் அதில் சுற்றியிருக்கும் பட்டையையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படகு வாங்கிய முதல் வருஷம், பெர்ணாம் ஆற்றில் நீர் வடிந்திருந்த ஒரு சாயங்காலம். படகின் மூக்கு ட்ரெய்லரின் கடைசி ரோலரில் ஏறுகிற நேரம். நான் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியிருக்கிறேன், மச்சான் பின்னால் நின்று 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்கிறார். திடீரென்று கையில் பாரமே இல்லை. படகு வந்த வழியே சறுக்கிப் போய் இன்ஜினின் அடித்துடுப்பைச் சிமெண்டில் இடித்து நின்றது. மச்சான் ஒதுங்கியதால் பிழைத்தார். பட்டை அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் 6 மீட்டர் பட்டை முழுசாக இருக்கிறது. விஞ்சில் பட்டை சுற்றும் உருளைக்குள்ளே போல்ட்டில் மாட்டியிருந்த மடிப்பின் தையல் மக்கிப்போய்ப் பிரிந்திருந்தது. அன்றைக்கு நீர் ரொம்ப இறங்கியிருந்ததால் பட்டையைக் கடைசிவரை அவிழ்த்துவிட்டேன். மொத்தப் பாரமும் அந்தத் தையலில் விழுந்தது. பட்டையோ வடமோ, பாரம் தாங்காமல் நடுவில் அறுவதை நான் இன்றுவரை பார்த்ததில்லை. போவதெல்லாம் நுனியில்தான். உருளைக்குள் இருக்கும் நுனி, கொக்கி இருக்கும் நுனி, இந்த இரண்டும்தான்.

முதலில் எடையைப் போடுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். என்னுடையது 16 அடிப் படகு. வெறும் படகு 350 கிலோ, 40 குதிரைச் சக்தி இன்ஜின் 80, ஐம்பது லிட்டர் பெட்ரோல் 38, பேட்டரி 20, ஐஸ் பெட்டி 40, நங்கூரம், தூண்டில், வலை எல்லாம் சேர்த்து 22. மொத்தம் 550 கிலோ. மழையில் வாசலில் நின்ற படகின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். அடைப்பானைக் கழற்ற மறந்துவிட்டு 'இன்னைக்கு என்ன இவ்வளவு கனம்' என்று கேட்பவர்களை வாராவாரம் பார்க்கலாம்.

இந்த 550 கிலோவும் அப்படியே விஞ்சின் மேல் வராது. 7 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு என்றால் எடையால் மட்டும் வரும் இழுவை ஏறக்குறைய 78 கிலோ. ட்ரெய்லரில் படகு உட்காரும் கட்டைக்குக் கம்பளம் அடித்திருந்தால் அதன் உராய்வுக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கு வையுங்கள், அது 180. ஆக 260 கிலோ. இது எல்லாம் நேராக இருந்தால். படகு கோணலாக ஏறி மூக்கு குறுக்குச் சட்டத்தில் முட்டிக்கொண்டால், நாம் அதைக் கவனிக்காமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால், இரண்டு மடங்கு சாதாரணமாக வரும். அதனால் என் வழக்கம், படகின் மொத்த எடைக்கு ஏறக்குறைய ஈடான விஞ்சு. 1200 பவுண்டு என்று போட்டிருந்தால் அது 544 கிலோ, எனக்குச் சரியாக இருக்கும். கம்பளக் கட்டைக்குப் பதிலாக ரோலர் வைத்த ட்ரெய்லர் உள்ளவர்களுக்கு இதைவிடச் சின்னதும் போதும்.

பட்டையோ வடமோ, அதன் அறும் பலம் விஞ்சின் அளவைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். கடையில் லேபிளைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருப்பது அநேகமாக அறும் பலம். வேலைக்கு உரிய சுமை அதில் மூன்றில் ஒரு பங்குதான், அது சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டுமே இல்லாத, லேபிளே இல்லாத பட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எதை வாங்குவது

எங்கள் பக்கம் 14 அடியிலிருந்து 17 அடிவரை படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியஸ்டர் பட்டை. உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது. நனைந்தால் பலம் குறையாது. கையைக் கிழிக்காது. அறுந்தாலும் கம்பி மாதிரிச் சாட்டையடி அடிக்காது. கெட்டுப்போனால் வெளியே தெரியும், வெளுக்கும், நூல் பிரியும். கம்பிவடம் உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டு வெளியே நல்ல பிள்ளையாக இருக்கும்.

ஆனால் கம்பிவடத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெரிய படகு, கனமான இன்ஜின், ஏற்கெனவே கம்பிக்கென்று செய்த குறுகலான உருளை என்றால் அதுதான் பொருத்தம். விஞ்சுக்கு வாங்கும் வடம் வளைந்து கொடுக்க வேண்டும். 7 புரி, புரிக்கு 19 இழை, மொத்தம் 133 இழை உள்ள வகையைக் கேளுங்கள். கடைக்காரர் வேலிக்கும் கம்பத்துக்கும் கட்டுகிற விறைப்பான வடத்தை எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். அது சின்ன உருளையில் சுற்றும்போது முறுக்கிக்கொண்டு நிற்கும். துத்தநாகம் பூசிய 4.8 மில்லிமீட்டர் வடத்தின் அறும் பலம் புதுசில் ஏறக்குறைய 1,900 கிலோ, 6.4 மில்லிமீட்டர் என்றால் 3,100 கிலோவுக்கு மேல். துருப்பிடிக்காத எஃகு வடம் பார்க்க அழகு, உப்புக்கும் நல்லது, ஆனால் அதே தடிமனுக்குப் பலம் கொஞ்சம் குறைவு.

தோட்டத்து ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சபலம் உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் குலை நிரப்பிய கூண்டு வண்டிகளை ஆவியில் அவிக்கும் பெரிய உருளைக்குள் இழுக்க விஞ்சும் வடமும் வைத்திருப்பார்கள். அங்கே தேய்ந்து கழித்துப் போட்ட வடம் ஆலைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். 'சும்மாதானே கிடக்கு' என்று இரண்டு பேர் படகுக்குக் கொண்டுவந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆலை அதைக் கழித்துப் போட்டதற்குக் காரணம் இருக்கும். ஆவியிலும் எண்ணெயிலும் வருஷக்கணக்கில் கிடந்த வடத்தை உப்புத் தண்ணீருக்கு இறக்குவது, ஓய்வு பெற்றவரை மறுபடியும் குலை வெட்டக் கூப்பிடுவது மாதிரி.

டைனீமா என்று இளவட்டங்கள் சொல்லும் செயற்கைக் கயிறு நல்ல பொருள். அதே தடிமனுள்ள கம்பிவடத்தைவிடப் பலமானது, தண்ணீரில் மிதக்கும், கனமே இல்லை. பெர்ணாம் ஆற்றில் முதலை உண்டு என்பதால் மிதக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொக்கியைத் தேடி இடுப்பளவு தண்ணீரில் இறங்காமல் இருப்பது பெரிய வசதி. ஆனால் அது வழுக்கும். சாதாரண முடிச்சுப் போட்டால் நழுவும், முடிச்சிலேயே பாதிப் பலத்துக்கு மேல் போய்விடும். அதை நுனிக்குள் நுனி செருகிப் பின்ன வேண்டும், பின்னத் தெரிந்த ஆள் வேண்டும். சூடும் ஆகாது, 150 டிகிரி அளவிலேயே உருகிவிடும். உருளைக்குள்ளேயே பிரேக் வைத்த மின்சார விஞ்சில் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

எந்தக் காரணத்துக்கும் போடக்கூடாதது இரண்டு. சந்தையில் பச்சையும் நீலமுமாகச் சுருளாக விற்கும் பாலிப்ரோப்பிலின் கயிறு ஒன்று. நம் வெயிலில் சீக்கிரமே நொறுங்கிக் கையில் தூளாக வரும். இன்னொன்று நைலான். அது ரப்பர் மாதிரி நீளும், நனைந்தால் பலமும் குறையும். பாரத்தில் நீண்டிருக்கும்போது கொக்கி விட்டுப்போனால் அந்தக் கொக்கி உங்கள் முகத்துக்குத்தான் வரும். நங்கூரத்துக்கு நைலான் அருமையான கயிறு, ஏனென்றால் அங்கே நீள வேண்டும். இங்கே நீளக்கூடாது.

நீளத்தில் பேராசை வேண்டாம்

ட்ரெய்லரை நீங்கள் வழக்கமாக இறக்கும் ஆழத்துக்கு, அதுவும் நீர் வடிந்த நேரத்தில், இறக்குங்கள். படகின் முன்மூக்கு கடைசி ரோலரைத் தொடும் இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். உருளையிலிருந்து மூக்கு வளையம் வரை அளந்து பாருங்கள். எனக்கு 5 மீட்டர் வந்தது. அதற்கு மேல் உருளையில் எப்போதும் மூன்று சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். அந்த மூன்று சுற்றின் பிடிப்பில்தான் பாரம் தணிந்து, போல்ட்டுக்கும் தையலுக்கும் கொஞ்சம்தான் போகும். என் கதையில் நடந்தது அந்தச் சுற்று இல்லாததால். வழுக்கும் டைனீமாவுக்கு எட்டுச் சுற்று விடுங்கள். ஆக எனக்கு 6 மீட்டர் போதும்.

'9 மீட்டரா வாங்கிட்டா நல்லதுதானே அண்ணே?' என்று கேட்பார்கள். நல்லதில்லை. பட்டை ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டை 6 மீட்டர் சுற்றினால் கட்டின் விட்டம் 127 மில்லிமீட்டர் ஆகிவிடும், நான்கு மடங்குக்கும் மேல். விஞ்சில் எழுதியிருக்கும் இழுவை, வெறும் உருளையின் முதல் சுற்றுக்கு உரியது. கட்டு நான்கு மடங்கு தடித்தால் அதே கைக்குக் கிடைக்கும் இழுவை நான்கில் ஒரு பங்கு. படகு தண்ணீரில் மிதக்கும்போது விஞ்சுக்கு பலம் அதிகம், படகு முழுக்க மேலே ஏறிப் பாரம் கூடும்போது பலம் குறைவு. கடைசி ஒரு மீட்டரில் எல்லோருக்கும் மூச்சு வாங்குவது இதனால்தான், வயசானதால் மட்டும் இல்லை. இன்னொரு 3 மீட்டர் சும்மா அடியில் கிடந்தால் இன்னும் மோசம்.

மாட்டும் முறை

பழைய கம்பிவடத்தைக் கழற்றிவிட்டுப் பட்டை போடுகிறீர்கள் என்றால் முதலில் உருளையைப் பாருங்கள். கம்பி அதில் பிசிறு பிசிறாகக் கீறி வைத்திருக்கும். விரலால் தடவாதீர்கள். ஒரு பழைய பனியன் துணியால் உருளையையும் பக்கத் தகடுகளின் உள்விளிம்பையும் துடையுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே அரம் போடுங்கள். துணி எங்கும் மாட்டாமல் வரும்வரை விடாதீர்கள். உருளையின் அகலம் பட்டையைவிடச் சில மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டையின் ஓரம் தகட்டில் உரசியே சாகும்.

பட்டையின் தைத்த மடிப்பை உருளைக்குள் விட்டு அதன் வழியாகப் போல்ட்டைச் செலுத்தி நட்டைப் பூட்டுங்கள். பூட்டு நட்டு போடுங்கள், சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும். மடிப்பு இல்லாத பட்டையில் நெருப்பால் சுட்ட ஆணியால் ஓட்டை போட்டு மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம், அதைச் செய்யவே கூடாது. ஓட்டை போட்ட இடத்தில் பாதி நூல் போய்விடுகிறது.

சுற்றும் திசை முக்கியம். பட்டை உருளையின் மேலிருந்து வரவேண்டுமா, கீழிருந்து வரவேண்டுமா என்று விஞ்சிலேயே அம்புக்குறி இருக்கும். தலைகீழாகச் சுற்றினால் பற்சக்கரத்தைத் தடுக்கும் நாக்கு தடுக்க வேண்டிய பக்கம் தடுக்காது. பிரேக் உள்ள விஞ்சில் பிரேக்கும் வேலை செய்யாது.

கம்பிவடம் போடுபவர்களுக்கு நுனியில் கொக்கி மாட்டுவதுதான் தலைவலி. வடத்தை வளைத்து உள்ளே கண்ணி வளையம் வைத்து, யு கிளிப்பால் பூட்டுவோம். என் மாமா எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்தவர். நான் முதல்முறை கிளிப் போட்டதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்து மூன்றையும் கழற்றினார். 'பாரந் தாங்குற வடம் மெத்தையில படுக்கணும்டா. வாலைத்தான் வளையம் கடிக்கணும்.' அதாவது கிளிப்பில் இரண்டு பாகம் உண்டு. பள்ளம் வைத்த வார்ப்பு இரும்புத் துண்டு ஒன்று, அதுதான் மெத்தை. வளைந்த போல்ட் இன்னொன்று. படகுக்குப் போகும் நீள வடம் மெத்தைப் பக்கம், வெட்டி மடித்த சின்ன வால் வளைந்த போல்ட்டின் பக்கம். மாற்றிப் போட்டால் போல்ட் பாரம் தாங்கும் வடத்தையே நசுக்கிவிடும். நான் மூன்றில் ஒன்றை அப்படித்தான் போட்டிருந்தேன். மூன்று கிளிப் போடுங்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கட்டும். இடைவெளி வடத்தின் தடிமனைப் போல் ஆறு மடங்கு. முதல் தடவை பாரம் இழுத்த பிறகு நட்டை மறுபடியும் முறுக்குங்கள், வடம் பாரத்தில் கொஞ்சம் மெலிந்திருக்கும். ஒழுங்காகப் போட்டாலும் கிளிப் கட்டு வடத்தின் பலத்தில் 80 சதவீதம்தான் தரும், கணக்கில் அதையும் கழியுங்கள்.

கொக்கிக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். தாழ்ப்பாளின் சின்ன ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும், விரலால் அமுக்கி விட்டால் 'டக்' என்று மூட வேண்டும். பாதியில் நிற்கிறது என்றால் கொக்கியை மாற்றுங்கள். அதைத் தண்ணீரில் நின்றுகொண்டு ரப்பர் பேண்ட் கட்டிச் சமாளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். படகின் மூக்கு வளையத்தை உள்ளிருந்து பிடித்திருக்கும் நட்டையும் ஒருநாள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய படகுகளில் அதன் பின்னால் இருக்கும் பலகை ஊறிப்போய் நகத்தால் கிள்ளினாலே வரும்.

கடைசியாக, முதல் சுற்றைப் பாரத்தோடு சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் பாரம் வரும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துவிடும். நான் ட்ரெய்லரை வண்டியிலிருந்து கழற்றி, எதிரே இருந்த செம்பனை மரத்தில் அகலமான பெல்ட் ஒன்றைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டி, ட்ரெய்லரையே மரத்தை நோக்கி இழுத்துச் சுற்றினேன். சமதரையில் செய்யுங்கள், மச்சான் சக்கரக் கட்டையோடு பக்கத்தில் நிற்கட்டும். பட்டை முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே சுற்றுங்கள்.

விஞ்சு நிற்கும் உயரத்தையும் இதோடு சரிசெய்துவிடலாம். படகு முழுக்க ஏறி, அதன் மூக்கு விஞ்சுக் கம்பத்து முட்டு ரப்பரில் ஒட்டியதும், மூக்கு வளையம் ரப்பருக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும், பட்டை அடிக்கட்டைக்கு ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். விஞ்சு ரொம்பக் கீழே இருந்தால் மூக்கை அமுக்கும், ரோலரில் பாரம் கூடும்.

சரிவில்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், மற்றது பழகப் பழக வரும். பட்டை போகும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது, பிள்ளைகளைக் காருக்குப் பின்னால் நிறுத்துங்கள். கம்பிவடம் என்றால் நனைத்த சாக்கு ஒன்றை நடுவில் போர்த்துங்கள், அறுந்தால் சாக்கின் கனம் அதை இழுத்துக் கீழே போடும். தோல் கையுறை இல்லாமல் கம்பிவடத்தைத் தொடாதீர்கள். அறுந்த இழை உள்ளங்கையில் ஏறினால் ஒரு வாரம் சோறு பிசைய முடியாது.

படகு மாட்டிக்கொண்டால் கைப்பிடியில் ஆளைக் கூட்டாதீர்கள். நிறுத்துங்கள், ட்ரெய்லரை இன்னும் ஓரடி தண்ணீரில் இறக்குங்கள், படகு தானே நேராகும். கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினால் விஞ்சின் பல் போகும், இல்லை நுனி போகும்.

படகை இறக்கும்போது நாக்கை எடுத்துவிட்டுக் கைப்பிடியைச் சுழல விடுவது எங்கள் பக்கத்து விளையாட்டு. பிரேக் இல்லாத விஞ்சில் அந்தக் கைப்பிடி சுழலும் வேகத்துக்கு மணிக்கட்டு எலும்பெல்லாம் ஒரு கணக்கே இல்லை. கொக்கியைக் கழற்றுவதும் படகு மிதக்கத் தொடங்கிய பிறகுதான். காய்ந்த சரிவிலேயே கழற்றிவிட்டால், ஈரக் கம்பளத்தில் படகு தானாகவே கிளம்பிவிடும்.

ரோட்டில் போகும்போது விஞ்சுப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மூக்கு வளையத்திலிருந்து ட்ரெய்லருக்குத் தனியாக ஒரு சங்கிலி, பின்பக்கத்துக்கு இரண்டு கட்டுப் பட்டை. தெலுக் இந்தான் ரோட்டில் குலை லாரிகள் போட்ட பள்ளங்களில் படகு எப்படிக் குதிக்கும் என்று பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆற்றின் கழிமுகத் தண்ணீர் உப்பும் சேறும் கலந்தது. உப்பைவிடப் பட்டைக்குச் சேறுதான் எமன். அந்த மெல்லிய மணல் நூலுக்குள் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை வளையும்போதும் உள்ளிருந்து அறுக்கும். அதனால் அன்றைக்கே, மீன் கழுவும் முன்னாலேயே, பட்டையை முழுக்க வெளியே இழுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். உருளையில் சுற்றியபடி மேலே மட்டும் தண்ணீர் அடிப்பது போதாது. வெளுக்கும் மருந்து, துணி சோடா எதுவும் வேண்டாம். நிழலில் காயவைத்து அப்புறம் சுற்றுங்கள். ஈரத்தோடு சுற்றினால் உருளையிலிருந்து துரு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும்.

விஞ்சின் மேல் ஒரு மூடி போடுங்கள். இங்கே பன்னிரண்டு மாதமும் வெயில்தான், பட்டையின் வெளிச்சுற்று வீட்டு வாசலில் நிற்கும்போதே வெந்துபோகிறது. உரச் சாக்கை வெட்டிக் கட்டினாலும் போதும், ஆனால் உரம் மிச்சமில்லாமல் கழுவிவிட்டு.

எண்ணெய் விஷயத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்று. பற்சக்கரங்களுக்குக் கிரீஸ். நாக்குக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி, அங்கே கிரீஸ் பூசினால் சேற்றோடு சேர்ந்து பிசினாகி நாக்கு விழாமல் நின்றுவிடும். பிரேக் தகட்டுக்கு ஒன்றுமே கூடாது. பட்டைக்கும் ஒன்றுமே கூடாது. கம்பிவடத்துக்கு வடத்துக்கென்றே விற்கும் எண்ணெய், இழைகளுக்குள் இறங்கக்கூடியது. மோட்டாரிலிருந்து வடித்த பழைய கறுப்பு எண்ணெயைப் பூசுவது பலருக்குப் பழக்கம். அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலிருக்கும் அமிலம் வடத்தை அரிக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருளைக்குள் இருக்கும் நுனியையும் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி மடிப்பை வெளியே எடுங்கள். தையல் நூலை நகத்தால் நெருடுங்கள், வெள்ளைத் தூள் வந்தால் அந்த நூல் செத்துவிட்டது. பட்டை எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் சரி.

எப்போது கழிப்பது

பட்டையில் ஓரத்தில் வெட்டு, தையல் பிரிவு, உருகிய பளபளப்பு, வெளுத்து விறைத்த இடம், இதில் ஒன்று இருந்தாலே போதும், மாற்றுங்கள். தைத்துப் பயன்படுத்தலாம் என்று கோயில் பக்கத்துத் தையல்காரரிடம் கொண்டுபோகாதீர்கள். கம்பிவடத்துக்குக் கணக்கு உண்டு. ஒரு புரி வடத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றி வரும் நீளத்துக்குள் 6 இழை அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 இழை அறுந்திருந்தாலோ அதற்கு மேல் வேண்டாம். ஒருமுறை முடிச்சு விழுந்து மடங்கிய வடத்தைச் சுத்தியால் நேராக்கினாலும் அந்த இடம் போனதுதான். டைனீமாவில் மேலே பஞ்சு மாதிரி வருவது இயல்பு, ஆனால் ஒரு புரி பாதியாக மெலிந்தால் மாற்றுங்கள்.

நான் பட்டை வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் அழியாத மையில் கொக்கிப் பக்கத்து மடிப்பில் எழுதிவிடுவேன். இரண்டு தீபாவளி தாண்டினால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். இது என் கணக்கு, வாராவாரம் ஆற்றில் இறங்குகிறவனின் கணக்கு. வருஷத்துக்கு நாலு தடவை இறங்கி, மூடி போட்டு வைப்பவருக்கு இன்னும் ஓடும்.

கழித்த பட்டையைக் கத்தியால் மூன்று துண்டாக வெட்டிப் போடுங்கள். என்னுடைய முதல் பட்டையை முழுசாக வேலியோரம் எறிந்தேன். அடுத்த வாரம் பக்கத்து லயத்துத் தம்பி அதன் மக்கிய தையலுக்கு நீல நூலால் இரண்டு ஓட்டம் கொடுத்து, சேற்றில் இறங்கிய தன் மாமனாரின் காரை இழுக்க மாட்டிக்கொண்டிருந்தார்.